ஆட்டுக்கு வேலி: ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் ஆகாது

ஆடு மாடுகளைத் தோட்ட எல்லையை விட்டு அப்புறப்படுத்த வேண்டும், தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஆபீஸ் பலகையில் நோட்டீஸ் ஒட்டுவது தோட்டங்களுக்குப் புதிதல்ல. நோட்டீஸ் ஒட்டிய அன்று லயத்தில் ஒரே பரபரப்பு. ஒரு வாரம் ஆடுகளைக் கட்டி வைப்பார்கள். அடுத்த வாரம் கயிறு அவிழும். மறுபடியும் இளஞ்செம்பனைக்குள் ஆடு, மறுபடியும் மண்டோர் சத்தம், மறுபடியும் நோட்டீஸ். கடைசியில் ஒரு நாள் வியாபாரியின் லோரி வந்து நிற்கும். அவன் கேட்ட விலைக்கு ஆட்டை ஏற்றிவிட்டுத் தொழிலாளி கையைப் பிசைந்துகொண்டு நிற்பான்.

இந்தக் கதைக்கு ஒரு முடிவு வேண்டாமா? வேண்டும் என்றே நாம் சொல்கிறோம். அந்த முடிவு மிகச் சாதாரணமான ஒன்றில் இருக்கிறது: ஒழுங்கான வேலி. அந்த வேலியை ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட முடியாது, நாலு குடும்பம் சேர்ந்தால் போட முடியும் என்பதை இன்று விளக்க விரும்புகிறோம்.

ஆடு என்றால் என்ன?

தோட்டங்களில் நம்மவர் தொகை முன்பு மாதிரி இல்லை. கித்தாக் காடு செம்பனைக் காடாகிப் பல காலம் ஆயிற்று. வெட்டுக்கும் குலை இறக்கவும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். ஆனாலும் லயத்திலேயே இருப்போர் இருக்கிறார்கள். வேலை ஓய்ந்து தோட்டத்து ஓரத்தில் சின்ன மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டோரும் இருக்கிறார்கள். இந்த இரு தரப்பாரிடமும் ஆடு இருக்கிறது.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆக்கப்பட்டது. அந்தப் பணத்தில் அரிசி, பால்மாவு, மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் போக மிச்சம் பிடிப்பது எப்படி என்று குடும்பம் நடத்தும் தாய்மாரைக் கேட்டால் தெரியும். ஆடு அவர்களுக்கு உண்டியல். மகள் சடங்குக்கு ஒன்று, மகன் காலேஜில் சேரும்போது ரெண்டு, தீபாவளிக்கு ஒன்று என்று அந்த உண்டியலை உடைத்துத்தான் காரியம் நடக்கிறது. ஆகவே ஆட்டைத் துரத்து என்று சொல்வது ஒரு குடும்பத்தின் சேமிப்பைத் துரத்து என்று சொல்வதேயாகும்.

ஆனால் நிர்வாகம் சொல்வதிலும் ஒரு நியாயம் இருப்பதை நாம் மறுக்கக்கூடாது. செம்பனைக் கன்று நட்டால் குலை வெட்ட ஏறத்தாழ இரண்டரை, மூன்று ஆண்டு ஆகும். அதற்குள் ஆடு புகுந்து குருத்தைக் கடித்தால் கன்றின் வளர்ச்சி கெட்டுப்போகும். ஒரு மந்தை ஒரு மத்தியானத்தில் செய்யும் சேதத்தைச் சரிப்படுத்த நீண்ட நாள் பிடிக்கும். "ஆடு வாயில்லா ஜீவன், அதுக்கு என்ன தெரியும்" என்று நாம் வாதாடினால் அந்த வாதம் துரை மேசையில் நிற்காது.

இன்னொரு பக்கம், அவிழ்த்துவிட்ட ஆட்டினால் முதல் நஷ்டம் நமக்குத்தான். நாய்க் கூட்டம் விரட்டிக் கடிக்கிறது. பெரிய சாலையில் லோரி அடித்துப் போட்டுவிட்டுப் போகிறது. இருட்டில் வேன் கொண்டுவந்து ஆட்டைத் தூக்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து அடித்த புல்லை மேய்ந்து செத்த ஆடுகளும் உண்டு. நாம் "கிராமக்சோன்" என்று சொல்லும் பராகுவாட் மருந்து நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டது. அதற்காகக் களைக்கு மருந்தே அடிப்பதில்லை என்று எண்ணிவிடக்கூடாது. வேறு மருந்துகள் அடிக்கப்படுகின்றன. எந்தக் காட்டில் எந்த நாள் அடித்தார்கள் என்று ஆட்டுக்குத் தெரியாது. பல சமயம் நமக்கும் தெரியாது.

நிர்வாகத்தின் குறை, நம்முடைய நஷ்டம் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: ஆடு வெளியே இருப்பது. ஆடு உள்ளே இருந்தால் இரண்டு வழக்கும் தீரும்.

முதலில் கடுதாசி, பிறகு கம்பி

வேலி போடக் கடப்பாறையை எடுக்கும் முன் ஒரு கேள்வி: நிலம் யாருடையது? நாம் கண்ட தகராறுகள் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. "மண்டோர் சரின்னு சொன்னாருங்க", "பழைய மானேஜர் ஒண்ணும் சொல்லலைங்க" என்பார்கள். பழைய மானேஜர் மாற்றலாகிப் போய்விடுவார். புது மானேஜர் வந்ததும் வேலியைப் பிடுங்கு என்பார். வாய்ச்சொல்லுக்குச் சாட்சி எது? வேலிக்கு ஓணான் சாட்சி என்ற கதையாக முடியும்.

தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்குக் காய்கறி போடவும் கால்நடை வைக்கவும் நிலம் ஒதுக்க வேண்டும் என்ற எண்ணம் வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே இடம் பெற்றிருந்தது. லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் மாட்டுக் கொட்டகையும் இருந்தது யாரோ போட்ட பிச்சையல்ல. ஆகவே நிலம் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. கேட்கும் முறையில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொருவராகப் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதை விட, ஆடு வளர்க்கும் குடும்பங்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டுச் சங்கக் கிளையின் மூலம் ஒரே கடிதமாகக் கொடுக்க வேண்டும். கடிதத்தில் இவை இருக்கட்டும்: எந்த இடம், எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம், எத்தனை ஆடு, எத்தனை குடும்பம். மறுநடவுக்காக அந்த இடம் தேவைப்பட்டால் எத்தனை மாதத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும் என்பதையும், அப்போது கம்பியும் கம்பமும் நமக்கே சொந்தம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரு பிரதி கிளைச் செயலாளரிடம், ஒரு பிரதி உங்கள் வீட்டில், அடையாளக் கார்டு வைக்கும் அதே பெட்டியில்.

சொந்த மனையில் இருப்போருக்கு வேறு விதி. நகராண்மைக் கழகம், மாவட்ட மன்றம் ஆகியவை கால்நடை வளர்ப்புக்குத் துணைவிதிகள் வைத்திருக்கின்றன. வீடமைப்புப் பகுதியில் ஆடு வளர்க்கலாமா, அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பக்கத்தில் காலியாகக் கிடக்கிறதே என்று அரசாங்க நிலத்தில் வேலியை நீட்டாதீர்கள். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அது குற்றம். கம்பியும் போகும், அபராதமும் வரும்.

ஆட்டின் புத்தி

மாட்டு வேலி வேறு, ஆட்டு வேலி வேறு. மாட்டுக்கு முள்கம்பி நாலு வரிசை இழுத்தால் போதும். ஆட்டுக்கு அது ஒரு விளையாட்டு. இரண்டு கம்பிக்கு நடுவில் தலையை நுழைக்கும். தலை போனால் உடம்பும் போகும். போகிற போக்கில் முள் மடியைக் கிழிக்கும். அந்தப் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்தால் மருந்துச் செலவு வேறு. முள்கம்பி மட்டும் போட்டு ஆட்டை அடைத்துவிட்டோம் என்று எண்ணுவது வீண்.

ஆடு நாலு வேலை செய்யும்: ஏறும், நுழையும், சாயும், திறக்கும். இந்த நாலையும் தடுப்பதுதான் வேலி.

ஏறுவதைத் தடுக்க உயரம் வேண்டும். நம்ம ஊர் சின்ன ஆட்டுக்கு நாலடி போதும். ஜம்னாபாரி மாதிரி கால் நீண்ட ஜாதிக்கும், கிடாய்க்கும் ஐந்தடி வேண்டும். வேலிக்கு உள்பக்கம் ஓரமாகப் பழைய தொம்பு, மரக்கட்டை, கல் எதுவும் கிடக்கக்கூடாது. மூலைக் கம்பத்துக்குக் கொடுக்கும் சாய்வு முட்டை உள்பக்கம் வைப்பது பலர் செய்யும் தவறு. அது ஆட்டுக்குப் படிக்கட்டு வைத்த மாதிரி. முட்டு வெளிப்பக்கம் இருக்கட்டும்.

நுழைவதைத் தடுக்கக் கண் சிறிய வலை வேண்டும். கட்டடத் தளத்துக்குப் போடும் பி.ஆர்.சி. வலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி நிறுத்துகிறார்கள். சாதாரணமாகக் கிடைக்கும் வகையில் கண் எட்டு அங்குலம். பெரிய ஆடு நிற்கும். குட்டி துள்ளி வெளியே போகும். அதைத் தேடித் தாய் கத்தும். கொம்பு உள்ள ஆடு தலையை விட்டுச் சிக்கிக்கொள்ளும். நாம் வேலைக்குப் போய்த் திரும்பும் வரை வெயிலில் அப்படியே நிற்கும். நாலு அங்குலத்துக்கு மேல் போகாத கண்ணுள்ள, துத்தநாகம் பூசிய கம்பி வலையே நல்லது. கோழிக்குப் போடும் மெல்லிய வலை ஆடு உரசிய உரசலில் கிழிந்துவிடும். மீன் வலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்; ஆடு கழுத்து இறுகிச் சாகும்.

சாய்வதைத் தடுக்கக் கம்பம் வேண்டும். எட்டடிக்கு ஒரு கம்பம், தரைக்குள் இரண்டடி. மூலைக் கம்பமும் வாசல் கம்பமும் மூன்றடி இறங்க வேண்டும். வலையைக் கம்பத்துக்கு உள்பக்கம் கட்டுங்கள். ஆடு சாயும்போது வலை கம்பத்தின் மேல் அழுந்தும். வெளிப்பக்கம் கட்டினால் கட்டு ஒவ்வொன்றாக அவிழும். கித்தா மரக் கட்டை சும்மா கிடைக்கிறது என்று அதை நட்டால் நம்ம மழைக்கும் கரையானுக்கும் சீக்கிரமே உளுத்துப்போகும். பழைய இரும்புக் குழாய் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் நாலு அங்குல பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓர் இரும்புக் கம்பியை நிறுத்திச் சிமெண்டு கலவை ஊற்றிக் கம்பத்தை நாமே வார்த்துக்கொள்ளலாம். கொக்கோ காலத்தில் நிழலுக்கு நட்ட கிளிரிசிடியா மரம் இன்னும் பல தோட்டங்களின் ஓரத்தில் நிற்கிறது. அதன் கிளையை வெட்டி நட்டால் துளிர்க்கும். வேலிக்கு வெளியே வரிசையாக நட்டால் சில வருசத்தில் உயிருள்ள கம்பமாகும். இலை ஆட்டுக்குத் தீனியுமாகும்.

திறப்பதைத் தடுக்க வாசலைக் கவனியுங்கள். வேலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆடு போவது வாசல் வழியாகத்தான். கதவு உள்பக்கமாகத் திறக்கட்டும். ஆடு முட்டினால் கதவு இன்னும் இறுகும். கொக்கி மட்டும் போட்டால் நாக்காலும் கொம்பாலும் தள்ளித் திறந்துவிடும். சங்கிலியும் பூட்டும் போடுங்கள். பூட்டு திருடனுக்கும் ஆகும். கதவுக்கு அடியில் கை நுழையும் இடைவெளிக்கு மேல் இருக்கக்கூடாது.

இது தவிர அடிப்பக்கம். உள்ளிருந்து ஆடு போவதை விட வெளியிலிருந்து நாய் வருவதே பெரிய ஆபத்து. நாய் வேலி ஓரத்தில் தோண்டும். வலையை ஓரடி வெளிப்பக்கம் மடித்துத் தரையில் படியவைத்து, மேலே மண்ணும் கல்லும் போட்டு மூடினால் தோண்டுகிற நாய்க்குக் கம்பிதான் கிடைக்கும். காணுக்கு மேலே வேலி போகும் இடத்தில் அடியில் சந்து விழும். அங்கே பலகை அல்லது வலைத் துண்டைத் தொங்கவிடுங்கள். மழைத் தண்ணீர் வந்தால் தள்ளிக்கொண்டு போகும், வற்றினால் தானே மூடும்.

இத்தனையும் செய்தாலும் ராத்திரி ஆடு கொட்டகைக்குள் இருக்க வேண்டும். மலைப்பாம்புக்கு வேலி ஒரு பொருட்டல்ல. தரையிலிருந்து மூன்று நாலடி உயர்த்திப் பலகைத் தளம் போட்டு, சுற்றிலும் சிறுகண் வலை அடித்த கொட்டகையே ராத்திரிக்குக் காவல்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறோம். காட்டுப்பன்றிக்கும் நாய்க்கும் பயந்து வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக் கம்பியில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கொலைக்குச் சமம். பந்து பொறுக்கப் போகும் பிள்ளை அதில் கை வைத்தால் என்ன ஆகும்? மின்வேலி வேண்டுமானால் அதற்கென்றே செய்த, விட்டுவிட்டு அதிர்ச்சி கொடுக்கும் கருவியை முறையாக வாங்கி, தெரிந்தவரை வைத்துப் பொருத்துங்கள். ஓர் ஆட்டுக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள்

"எல்லாஞ் சரிதாங்க, பணத்துக்கு எங்க போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வலையும் சிமெண்டும் இன்று விற்கும் விலையில் ஒரு குடும்பம் தனியாகப் போட்டால் ரெண்டு ஆட்டின் விலை வேலிக்கே போய்விடும் போல இருக்கும். பதிலை அளவு நாடாவே சொல்லும்.

முதலில் வேலியின் வடிவம். 20 அடி அகலம், 80 அடி நீளம் என்று லயத்துக்குப் பின்னால் நீட்டாகக் கட்டினால் சுற்றளவு 200 அடி. அதே 1,600 சதுர அடியை 40-க்கு 40 என்று சதுரமாக எடுத்தால் சுற்றளவு 160 அடி. இடம் ஒன்றே, 40 அடி வலை மிச்சம்.

இனி, ஐந்து குடும்பம் ஆளுக்கொரு 40-க்கு 40 அடைப்புப் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து தரம் 160, மொத்தம் 800 அடி வேலி. எட்டடிக்கு ஒன்று என்றால் 100 கம்பம். ஐந்து வாசல், ஐந்து பூட்டு. அதே ஐந்து குடும்பமும் சேர்ந்து 80-க்கு 100 அடியில் ஒரே பட்டி போட்டால்? இடம் அதே 8,000 சதுர அடி. வேலியோ 360 அடி. கம்பம் 45. வாசல் ஒன்று. பாதிக்கும் குறைவான செலவு. மீந்த பணத்தில் கொட்டகைக்குப் பலகை வாங்கலாம்.

ஒற்றுமை என்று மேடையில் பேசினால் சிலர் கொட்டாவி விடுகிறார்கள். ஒற்றுமைக்கு விலை எவ்வளவு என்று கேட்டால், இந்தக் கணக்கில் 440 அடி கம்பி வலையும் 55 கம்பமும் என்று சொல்லலாம். 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் துன் சம்பந்தன் தொடங்கியபோது, துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர் சேர்ந்து வாங்க முடியும் என்று காட்டினார். தோட்டத்தையே சேர்ந்து வாங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரு வேலியைச் சேர்ந்து போட முடியாதா?

சேர்ந்து போட்டால் சண்டை வரும் என்பதும் உண்மைதான். உன் ஆடு என் தீனியைத் தின்றது, உன் கிடாய் என் பெட்டையை முட்டியது என்று கிளம்பும். அதற்கு முதல் நாளே நாலு விதி எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். ஆட்டுக்குக் காதில் அடையாளம் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு இத்தனை ஆடு என்று எல்லை வேண்டும். சாவி யாரிடம், எந்த நாள் யார் முறை என்று அட்டவணை வேண்டும். புதிய ஆடு வாங்கி வந்தால் ரெண்டு மூணு வாரம் தனியாகக் கட்டிவைத்துப் பார்த்த பிறகே பட்டிக்குள் விட வேண்டும். நோய் வந்தால் எல்லாருக்கும் வரும். பணம் வசூலித்தால் அன்றே ரசீது. கூட்டு கட்டுகிற வழக்கத்தை இதற்குள் நுழைக்காதீர்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நிதியைத் தடை செய்திருக்கிறது. வலை வாங்க வசூல், வாங்கிய பில், மீதி என்று மூன்று வரியில் கணக்கு முடியட்டும்.

வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒருவர் வேலியைச் சுற்றி நடக்க வேண்டும். கையில் குறடும் கொஞ்சம் கட்டுக்கம்பியும் போதும். ஒரு கட்டு அவிழ்ந்ததை அன்றே கட்டினால் அஞ்சு நிமிச வேலை. விட்டால் அடுத்த வாரம் ஆபீசில் விசாரணை.

பட்டிக்குள் புல் நிற்குமென்று எதிர்பார்க்காதீர்கள். சில வாரத்தில் மொட்டைத் தரையாகும். மொட்டைத் தரையில் முளைக்கும் குட்டைப் புல்லைத் திரும்பத் திரும்ப மேய்ந்தால் வயிற்றுப் புழு பெருகும். பனி காய்ந்த பிறகு புல்லும் தழையும் அறுத்து வந்து, தரையில் கொட்டாமல் உயரத்தில் கட்டிப் போடுங்கள். மருந்து அடித்த காட்டில் அறுக்காதீர்கள்.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை

தொழிலாளிக்கு இவ்வளவும் சொன்ன நாம் நிர்வாகத்துக்கும் சொல்ல வேண்டியது உண்டு. ஆட்டை அப்புறப்படுத்து என்ற நோட்டீஸ் சுலபம். ஆட்டை எங்கே வைப்பது என்று காட்டுவதுதான் நிர்வாகம். செம்பனை நட முடியாத மேடு, ஆற்றோரம் விட்டுப்போன மூலை, பழைய ஸ்டோர் இருந்த திடல் என்று ஏதாவது ஓர் இடம் எந்தத் தோட்டத்திலும் இருக்கும். அதில் கால் ஏக்கர் ஒதுக்கினால் கம்பெனி முழுகிவிடாது. கழித்துப் போட்ட குழாயையும் பழைய கம்பியையும் இரும்புக் கடைக்காரனுக்கு எடை போடும் முன் தொழிலாளிக்குக் கொடுக்கலாம். கம்பம் ஏற்றி வர ஒரு நடை டிராக்டர் கொடுக்கலாம். எந்தக் காட்டில் என்றைக்கு மருந்து அடிக்கிறார்கள் என்று முதல் நாள் பெரட்டில் சொல்லலாம். இவற்றால் இளங்கன்று பிழைக்கும், லாபம் தோட்டத்துக்குத்தான்.

ஏழைக் குடும்பங்களுக்கு ஆடு வழங்கும் திட்டம் போடுவோருக்கும் நாம் சொல்வது அதுதான். வேலி இல்லாத வீட்டுக்கு ஆடு கொடுப்பது பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டையை வாங்கிக் கொடுப்பதாகும். முதலில் வலைக்கும் கம்பத்துக்கும் பணம் கொடுங்கள். கால்நடைச் சேவை இலாகா அதிகாரியை ஒரு நாள் தோட்டத்துக்கு அனுப்பிக் கொட்டகையையும் ஆட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு ஆடு கொடுங்கள். அது குட்டி போட்டுப் பெருகும்.

தோட்டத் தோழர்களே, அடுத்த நோட்டீஸ் வரும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஆடு வைத்திருப்போர் எல்லாரும் கோயில் வாசலிலோ கிளை மண்டபத்திலோ ஒரு மணி நேரம் உட்காருங்கள். எத்தனை குடும்பம், எத்தனை ஆடு, எந்த இடம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அளவு நாடா பிடித்து அளந்து பாருங்கள். கடிதத்தைச் சங்கக் கிளையின் மூலம் ஆபீசுக்குக் கொடுங்கள். ஊர் கூடித் தேர் இழுத்துப் பழகிய நமக்கு, ஊர் கூடி 360 அடி வேலி போடுவது பெரிய காரியமல்ல.